ஃபியூச்சுரா எழுத்துரு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இதழ் வடிவமைப்பு கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தேடிப்பிடிக்கும் ஆங்கில எழுத்துரு ஃபியூச்சுரா. ஏன் இது என்று கேட்டால், "பார்க்கச் சுத்தமா இருக்கு சார்" என்பார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது. 'ஓ' ஒரு வட்டம். சின்ன 'எல்' ஒற்றைக் கோடு. சின்ன 'டி' (t) ஒரு சிலுவை. செரிஃப் என்று நாம் சொல்லும் குட்டிப் பாதங்கள் எந்த எழுத்தின் முனையிலும் இல்லை. பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று கையில் இருந்தால் யாரும் வரைந்துவிடலாம் என்று தோன்றும். அந்த நினைப்பில்தான் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

இதை வரைந்தவர் பால் ரென்னர். 1878-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஓவியம் படித்து, புத்தக வடிவமைப்பில் பெயர் வாங்கியவர். 1924-இல் முதல் வரைவுகளைத் தொடங்கினார். ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927-இல் அதை ஈயத்தில் வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மன் புத்தகங்களும் செய்தித்தாள்களும் பெரும்பாலும் ஃபிராக்டூர் என்ற முறிவும் கொக்கியுமான பழைய எழுத்தில் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கங்களுக்கு நடுவே இந்த எழுத்தை வைத்து நினைத்துப் பார்த்தால், 'எதிர்காலம்' என்று பொருள்படும் பெயர் ஏன் அமைந்தது என்று புரியும்.

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஃபியூச்சுராவைத் தொடுவதற்கு முன் பிள்ளைகள் படிக்க வேண்டிய சில வரிகள் அதில் இருக்கின்றன. அவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன். செஞ்சுரி கோத்திக், அவான்ட் கார்ட், பாப்பின்ஸ் என்று வட்டத்தையும் நேர்க்கோட்டையும் அடிப்படையாகக் கொண்ட மற்ற எழுத்துருக்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. காம்பஸை எடுத்து நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள்.

கணினியை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் விரல் தடிமனுக்கு ஒரு வளையம் வரையுங்கள். அதன் வலப்பக்கத்தை ஒட்டி அதே தடிமனில் நேராக ஒரு கோடு போடுங்கள். ஆங்கிலச் சின்ன 'ஏ' வந்துவிட்டது. உள்ளே கறுப்பு மையை நிரப்பிச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வளையமும் கோடும் சேரும் இடத்தில் மை கொட்டியதுபோல ஒரு திட்டு தெரியும். அளவில் பிழை கிடையாது. ஆனாலும் கண் அதை ஏற்காது.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரே தடிமனில் ஒரு படுக்கைக் கோட்டையும் ஒரு செங்குத்துக் கோட்டையும் வரைந்தால், படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். ஒரே உயரத்தில் ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வட்டம் சிறுத்துத் தெரியும். இந்த மூன்றையும் கையால் செய்து பார்க்காதவருக்கு ஃபியூச்சுராவின் அருமை தெரிய வழியில்லை என்பது என் எண்ணம்.

ஏனென்றால் இந்த மூன்றுக்கும் ரென்னரும் வார்ப்பகத்துக் கைவினைஞர்களும் விடை கண்டிருக்கிறார்கள். கணினியில் ஃபியூச்சுராவின் சின்ன 'ஏ'யை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டம் கோட்டைத் தொடும் இடத்தில் மெலிந்து போயிருக்கும். படுக்கைக் கோடுகள் செங்குத்துக் கோடுகளைவிடச் சற்று மெல்லியவை. 'ஓ' தன் பக்கத்தில் நிற்கும் எழுத்தின் உயரத்தை மேலும் கீழும் மயிரிழை தாண்டி நிற்கும். லைட், மீடியம் தடிமன்களில் பெரிய 'ஏ', 'எம்', 'என்' எழுத்துகளின் கூர்முனைகள் அதைவிடக் கூடுதலாகத் தாண்டும். தடிமன் கூடக்கூட 'ஓ' வட்டத்தைவிட்டு விலகும். கண்ணுக்கு மட்டும் வட்டமாகவே தெரியும்.

உண்மையாகவே காம்பஸை நம்பியவர்களும் இருந்தார்கள். 1925-இல் பவ்ஹவுஸ் பள்ளியில் ஹெர்பர்ட் பயர், வட்டமும் நேர்க்கோடும் மட்டும் கொண்டு 'யுனிவர்சல்' என்ற எழுத்து வரிசையை வரைந்தார். கேபிடல் எழுத்தே அதில் கிடையாது. வடிவமைப்பு வரலாற்று நூல்களில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் எந்த வார்ப்பகமும் அதை ஈய எழுத்தாக வார்க்கவில்லை. ரென்னரின் முதல் வரைவுகளிலும் இப்படிச் சில இருந்தன: சின்ன 'ஆர்' என்பது ஒரு கோலும் அதன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் மட்டுமே, 'எம்', 'என்' இரண்டும் சதுரப் பெட்டிகள். வெளியீட்டை ஒட்டிய நாட்களில் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கண் வேண்டாம் என்றதை அவர் விட்டுக்கொடுத்தார். ஃபியூச்சுரா இன்றுவரை புழக்கத்தில் இருப்பதற்கு அந்த விட்டுக்கொடுத்தல்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

2. கேபிடல் எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

ஃபியூச்சுராவின் சின்ன எழுத்துகள் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கேபிடல் எழுத்துகளின் எலும்புக்கூடு ரோமாபுரிக் கல்வெட்டுகளைச் சேர்ந்தது. 'ஓ', 'சி', 'ஜி' ஆகியவை முழு வட்டத்தின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். 'ஈ', 'எஃப்', 'எல்', 'எஸ்' எல்லாம் பாதிச் சதுரத்துக்குள் ஒடுங்கி நிற்கும். இந்த அகலமும் ஒடுக்கமும் மாறி மாறி வருவதுதான் அதன் தாளம். எழுத்துகளை நெருக்கி வைத்தால் தாளம் கெட்டு, ஓட்டைப்பல் வரிசைபோல ஆகிவிடும். இடம் விட்டு அடுக்கினால் கல்லில் செதுக்கியதுபோல நிற்கும்.

இதற்கு நான் காட்டும் உதாரணம் பூமியில் இல்லை. 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது, இறங்குகலத்தின் கால் ஒன்றில், ஏணிக்குப் பக்கத்தில், துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். பூமியின் இரு பாதிகளை வரைந்து, மனிதர்கள் முதன்முதலில் இங்கே காலடி வைத்த செய்தியையும் அமைதியின் பொருட்டு வந்த செய்தியையும் அதில் பொறித்திருந்தார்கள். எழுத்து ஃபியூச்சுரா, எல்லாம் கேபிடல். அந்தத் தகட்டின் படத்தை இணையத்தில் தேடி எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பாடப் புத்தகம் வேண்டாம்.

3. குறைந்த சொற்களோடு, நிறைய வெற்றிடத்தோடு பயன்படுத்துங்கள்.

தலைப்பு, புத்தக அட்டை, கட்டடத்தின் பெயர், கண்காட்சிச் சுவர், சினிமா டைட்டில் என்று வடிவத்தை வடிவமாகவே பார்க்க நேரம் இருக்கும் இடங்களில் ஃபியூச்சுராவை மிஞ்ச ஆள் குறைவு. 1959-இல் அமெரிக்காவில் டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்குச் செய்யத் தொடங்கிய விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கலை இயக்குநர் ஹெல்முட் குரோன். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமை. ஒரு மூலையில் சின்னதாகக் கார். கீழே ஃபியூச்சுராவில் இரண்டே சொற்கள், 'திங்க் ஸ்மால்'. அதன் முடிவில் ஒரு முற்றுப்புள்ளியும் உண்டு. தலைப்புக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வழக்கம் அன்று அரிது. ஆனால் ஃபியூச்சுராவில் அந்தப் புள்ளி தலைப்புக்கு ஓர் உறுதியைத் தருகிறது. வெற்றிடத்தை எடுத்துவிட்டு அதே சொற்களை மூன்று படங்களுக்கும் விலைப்பட்டியலுக்கும் நடுவே வைத்தால் எதுவும் மிஞ்சாது.

4. பாயிண்ட் அளவை எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், சின்ன எழுத்தின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபியூச்சுராவின் சின்ன எழுத்துகள் குள்ளமானவை. 'பி', 'டி', 'எல்' (b, d, l) போன்றவற்றின் மேல்கோடுகள் கேபிடல் எழுத்துகளையே தாண்டி உயரும். அதனால் 10 பாயிண்ட் ஃபியூச்சுரா, 10 பாயிண்ட் செஞ்சுரி கோத்திக்கைவிட நன்றாகவே சிறுத்துத் தெரியும். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடும்போது ஒரு பாயிண்டோ ஒன்றரையோ ஏற்றிக்கொள்ளுங்கள்.

5. தமிழோடு சேர்க்கும்போது இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

இது நம் வேலையில் தினமும் வரும் சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரென்னர் வரைந்த ஃபியூச்சுராவில் தமிழ் இல்லை. பாப்பின்ஸ் இந்தியாவில் உருவானதுதான். அதில் தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. இணையப் பக்கத்துக்குப் பாப்பின்ஸ் என்று மட்டும் எழுதிவிட்டுத் தமிழை உள்ளே இட்டால், பார்ப்பவரின் கருவியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அது வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் போனில் ஒரு முகம், வாடிக்கையாளர் போனில் வேறு முகம். ஆகவே தமிழுக்கு இன்னது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

எதைக் குறிப்பிடுவது? செரிஃப் இல்லாத, கோட்டின் தடிமன் அதிகம் மாறாத தமிழ் எழுத்துருவாக இருக்க வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரன் நல்ல தேர்வு. ஆங்கிலம் நம் 'கட்டுமர'த்திலிருந்து கடன் வாங்கிய சொல்லே அதன் பெயர். அதில் 9 தடிமன்கள் இருப்பது பெரிய வசதி. 'போல்டு' என்று இரண்டு எழுத்துருக்களிலும் எழுதியிருப்பதால் இரண்டும் ஒரே கனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபியூச்சுராவின் மீடியத்தை அச்செடுத்து, கேட்டமரனின் ஒவ்வொரு தடிமனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'எல்' என்ற எழுத்தின் கோடும் 'ப'வின் கோடும் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது உயரம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களில் 'ப', 'ட' ஆகியவை ஃபியூச்சுராவின் சின்ன எழுத்துகளைவிட உயரம். ஒரே பாயிண்டில் வைத்தால் தமிழ் உரக்கப் பேசும், ஆங்கிலம் முணுமுணுக்கும். தமிழைக் குறைக்காதீர்கள், ஆங்கிலத்தை ஏற்றுங்கள். மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் நீள்வதால், வரிகளுக்கு நடுவே விடும் இடத்தைத் தமிழ் வரியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. சுவீடனின் ஐகியா பல ஆண்டுகள் ஃபியூச்சுராவைத் தழுவிய தன் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்தியது. பல நாடுகளிலும் அச்சிலும் இணையத்திலும் ஒரே முகம் வேண்டும் என்று 2009-இல் அதைக் கைவிட்டு வெர்டானாவுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் உலகெங்கும் வருத்தப்பட்டார்கள். 2019-இல் நோட்டோவுக்குப் போனது. தமிழ் உட்பட எண்ணற்ற மொழிகளின் எழுத்து இருப்பதுதான் நோட்டோவின் பலம்.

6. உரிமம் பெற்ற எழுத்துருவையே பயன்படுத்துங்கள்.

பென் டிரைவில் கைமாறும் திருட்டுப் பிரதிகளில் எழுத்து இடைவெளிக் கணக்கே சிதைந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காசு இல்லையென்றால் 'ஜோஸ்ட்' இருக்கிறது; 1920களின் ஜெர்மன் எழுத்துகளை அடியொற்றி வரைந்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ரென்னர் காலத்தில் பாவர் வார்ப்பகத்தின் கலை இயக்குநராக இருந்த ஹைன்ரிஷ் ஜோஸ்ட் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது.

செய்யக்கூடாதவை

1. இழுக்காதீர்கள், அமுக்காதீர்கள், சாய்க்காதீர்கள்.

ஃபிளெக்ஸ் பேனரில் இடம் மிஞ்சினால் எழுத்தை மவுஸால் பிடித்து அகலமாக இழுப்பது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. எந்த எழுத்துக்கும் அது கெடுதல், ஃபியூச்சுராவுக்குக் கொலை. வட்டம் முட்டையாகிவிடும். செங்குத்துக் கோடுகள் தடித்து, படுக்கைக் கோடுகள் அப்படியே நிற்கும். அத்தனை நுட்பமாகச் சரிசெய்த கனங்கள் ஒரே இழுப்பில் போய்விடும். குறுகிய இடம் என்றால் கண்டென்ஸ்டு என்று தனியாக வரைந்த வகை இருக்கிறது. சாய்வு வேண்டுமென்றால் அப்லிக் இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வைத்து உலகம் முழுதும் அறியச்செய்தது ஃபியூச்சுராவின் போல்டு அப்லிக்கைத்தான். மென்பொருளில் இருக்கும் சாய்வுப் பொத்தானை அழுத்தி வருவது அது அல்ல.

2. பக்கம் பக்கமாக ஓடும் கட்டுரைக்கு வேண்டாம்.

 படிக்கும்போது கண் எழுத்துக்கு எழுத்து இருக்கும் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஃபியூச்சுராவில் சின்ன 'ஏ', 'பி', 'டி', 'பீ', 'கியூ' (a, b, d, p, q) எல்லாமே ஒரு வட்டமும் ஒரு கோலும்தான். கோல் எந்தப் பக்கம் நிற்கிறது, மேலே நீள்கிறதா கீழே நீள்கிறதா என்பதே வித்தியாசம். நான்கு வரிக்கு அழகு. நாற்பது வரிக்குக் கண் தடுமாறும். ஃபியூச்சுராவிலேயே முழுப் புத்தகங்களை அச்சிட்டவர்கள் உண்டு, அவற்றில் சிலவற்றை விரும்பியும் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேனே தவிர, முழுதாகப் படித்து முடித்ததில்லை. இந்தக் குணம் வேண்டும், நீண்ட உரையும் வேண்டும் என்றால், ஏட்ரியன் ஃப்ரூடிகர் 1988-இல் வெளியிட்ட அவெனிரைப் பாருங்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் பொருள் 'எதிர்காலம்'தான். வட்டத்தை இன்னும் கொஞ்சம் இளக்கி, படிப்பவருக்காக வரைந்த எழுத்து அது.

3. லைட் தடிமனைப் பொடி அளவில், இருண்ட பின்னணியில் வைக்காதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். அழைப்பிதழை நானே வடிவமைத்தேன். அரக்கு நிற அட்டை, பொன் ஃபாயில், மண்டபத்தின் முகவரி ஃபியூச்சுரா லைட்டில் 7 பாயிண்ட். திரையில் மயிலிறகு மாதிரி இருந்தது. அச்சகத்திலிருந்து வந்தபோது ஃபாயில் பாதிக் கோடுகளில் ஒட்டவே இல்லை. ஒட்டிய இடத்தில் 'ஈ'யின் வயிறு அடைத்துப் போயிருந்தது. சேலத்திலிருந்து வந்த என் பெரியப்பா மண்டபத்தைத் தேடி வேறொரு தெருவில் முக்கால் மணி நேரம் வெயிலில் நடந்திருக்கிறார். மாங்கல்யதாரணம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகவரி, தேதி, தொலைபேசி எண் இவற்றை 9 பாயிண்டுக்குக் குறைத்தோ மீடியத்துக்குக் குறைந்த தடிமனிலோ நான் அதன்பின் வைத்ததே இல்லை.

4. குழப்பம் வந்தால் சேதம் வரும் இடங்களில் வைக்காதீர்கள்.

மருந்துச் சீட்டு, வங்கிக் கணக்கு எண், பாஸ்வேர்டு, மின்னஞ்சல் முகவரி, வண்டி எண் இவற்றில் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஒரே குச்சியாக நிற்பது ஆபத்து.  இதற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அடையாளம் கொடுத்து வரைந்த எழுத்துருக்கள் இருக்கின்றன. அங்கே அழகைப் பற்றிப் பேச வேண்டாம்.

5. அவான்ட் கார்டின் கோத்த எழுத்துகளை எல்லாச் சொல்லிலும் திணிக்காதீர்கள்.

ஹெர்ப் லுபாலின் 1968-இல் 'அவான்ட் கார்ட்' என்ற நியூயார்க் இதழின் முகப்புப் பெயரை வரைந்தார். 'ஏ'யும் 'வி'யும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும். அந்தப் பெயரில் இருந்த எழுத்துகளின் சரிவுகளுக்காகவே கண்டுபிடித்த தீர்வு அது. டாம் கார்னேஸுடன் சேர்ந்து முழு எழுத்துருவாக்கி 1970-இல் ஐடிசி நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டபோது அந்தக் கோத்த வடிவங்களும் கூடவே வந்தன. பிறகு கடைப் பெயர், டூத்பேஸ்ட் டப்பா, மருத்துவமனைப் பலகை என்று எங்கும் எழுத்துகளை ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். உங்கள் சொல்லில் அந்தச் சரிவுகள் இயல்பாகச் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். சந்திக்கவில்லையென்றால் சாதாரண எழுத்துகளையே வையுங்கள்.

6. மை மிச்சமாகும் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2010-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகம், மின்னஞ்சல்களை ஏரியலுக்குப் பதிலாகச் செஞ்சுரி கோத்திக்கில் அச்சிட்டால் மை சுமார் 30 சதவீதம் குறையும் என்று சொல்லி மாறியது. கோடு மெல்லியது என்பதால் மை குறைவது சரிதான். ஆனால் அது அகலமான எழுத்து. ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தால் காகிதச் செலவு கூடிவிடும்.

7. தமிழ் எழுத்தை வட்டத்துக்குள் அடைக்காதீர்கள்.

ஃபியூச்சுராவில் மயங்கிய இளைஞர்கள் அடுத்தபடியாகச் செய்யப் பார்ப்பது, அதே முறையில் ஒரு தமிழ் எழுத்துரு. ஆசை நல்லதுதான், 'ட'வும் 'ப'வும் ஸ்கேல் வைத்துப் போட்டவை போலவே பிறந்தவை, ஆய்த எழுத்து மூன்று வட்டப் புள்ளிகள். அங்கே ஏமாந்துவிடுவோம். 'ண'வுக்கு வரும்போது சிக்கல் தெரியும். ஒரே தடிமன் கோட்டில், அதுவும் போல்டில், மூன்று சுழிகளையும் முழு வட்டமாக்கினால் எழுத்து ரயில்போல நீளும். நீளத்தைக் குறைத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டு சுழி 'ன'வாகத் தெரியும். திருமண மண்டபத்தின் வாசலில் 'திருமனம்' என்று படிக்க நேர்ந்தால் யாரைக் குறை சொல்வது? 'ர'வின் கீழே சாயும் சின்னக் காலைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டிவிட்டால் அது வெறும் துணைக்கால் ஆகிவிடும். இந்தப் பிழையைப் பல நகைக்கடை லோகோக்களில் பார்க்கிறேன்.

ரென்னர் தன் எழுத்து மரபின் ஆதி வடிவமான ரோமானியக் கேபிடலிலிருந்து தொடங்கினார். தமிழில் அப்படித் தொடங்க விரும்புகிறவர் ஃபியூச்சுராவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கை எங்கே திரும்புகிறது என்பதைப் பழைய அச்சுப் புத்தகங்களிலும் ஓலைச்சுவடிகளிலும் பார்த்துவிட்டு வர வேண்டும். வட்டம் தானாக வரும் இடத்தில் வரட்டும்.

8. இதைப் பவ்ஹவுஸ் எழுத்து என்றோ நாஜி எழுத்து என்றோ சொல்லாதீர்கள்.

இரண்டையும் மேடையில் கேட்டிருக்கிறேன், இரண்டும் தவறு. ரென்னர் பவ்ஹவுஸில் பாடம் நடத்தியவர் அல்ல. 1920களின் நடுவில் ஃபிராங்க்ஃபர்ட் கலைப்பள்ளியில் இருந்தார். பிறகு மியூனிக் நகரத்து அச்சுத்தொழில் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அச்சுக்கலைஞர் யான் ஷிஹோல்டை அங்கே ஆசிரியராகக் கொண்டுவந்தவரும் அவரே. நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் ஒரு சிறு நூல் எழுதினார்; அது சுவிட்சர்லாந்தில் அச்சானது. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவரைக் கைது செய்தார்கள், வேலையும் போயிற்று. ஃபிராக்டூர்தான் உண்மையான ஜெர்மன் எழுத்து என்று முழங்கிய அதே ஆட்சி, 1941 ஜனவரியில் அதை யூத எழுத்து என்று கூறித் தடை செய்தது. ரென்னர் 1956-இல் காலமானார். தன் எழுத்து நிலவுக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

9. திரையில் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

400 சதவீதம் பெரிதாக்கிய திரையில் ஃபியூச்சுரா எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அச்சுக்குப் போகும் அதே அளவில் ஒரு ப்ரூஃப் எடுங்கள். முடிந்தால் அதே தாளில், அதே நிறத்தில். பலகை என்றால் ஒரு எழுத்தையாவது முழு அளவில் வெட்டி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். பிறகு அந்தத் தாளை உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவர் கையில் கொடுத்து, கண்ணாடியைத் தேடாமல் முகவரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஓர் எழுத்தில் தயங்கினாலும் அளவை ஏற்றிவிட்டு மறுபடி எடுத்துக்கொடுங்கள்.